கடலோர விகாரையும் தமிழ்க் கல்வெட்டும்

தம்பிலுவில் கண்ணகி அம்மனைத் தரிசித்துவிட்டு, தெற்கே பொத்துவில் முகுது மகா விகாரைக்குச் சென்றேன். நம் கண்ணகியே சிங்களப் பௌத்தருக்குப் பத்தினித் தெய்வம்.

கடற்கரை மணலில் கற்றூண்களும் புத்தர், போதிசத்துவர் சிலைகளும் நிற்கின்றன. துட்டகைமுனுவின் தாய் விகாரமகாதேவி கரையேறிய இடம் இதுவென்பது ஐதிகம். கிரிந்தையும் அப்பெருமையைக் கோருகிறது. சூழ வாழ்வோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். காணி யாருக்கென்பதில் நெடுநாட் பிணக்கு. 2020 ஜூனில் அமைக்கப்பட்ட கிழக்கு மாகாணத் தொல்லியல் செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவருமில்லை.

பௌத்தச் சின்னமெல்லாம் சிங்களவருடையவை என்று அவர்கள் உரிமை கொண்டாடுவதும், அதற்கஞ்சி நாம் ஒதுங்குவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். திருகோணமலை வெல்கம் விகாரையின் 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் அதனை இராசராசப் பெரும்பள்ளி என்கின்றன. அப்பள்ளிக்குத் தமிழர் அளித்த தானங்களைக் கூறுகின்றன. பொத்துவில் தூண்களைக் காக்கும் பணியிலும் அவ்வூராரைச் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை.