வெப்பத்தை வசப்படுத்தியவர்கள் – 9: துணை தேடிய எஞ்சின்

(சென்ற வாரம்: 1876-இல் ஜெர்மனியின் நிக்கொலாஸ் ஓட்டோ நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை ஓடவைத்தார். அதைச் சுற்றிக் காப்புரிமை வேலி எழுந்தது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் அட்கின்சன் வேலிக்கு வெளியே வழி தேடினார்...)

ஓட்டோ எஞ்சினில் ஒரு விரயம் ஒளிந்திருந்தது. பிஸ்டன் வாயுவை எவ்வளவு தூரம் அழுத்துகிறதோ, எரிந்த வாயுவும் அவ்வளவு தூரமே பிஸ்டனைத் தள்ளும். அதற்குள் வால்வு திறந்துவிடும். இன்னும் தள்ளத் திராணியுள்ள வாயு புகையோடு புகையாகப் போய்விடும்.

அட்கின்சன் பிஸ்டனுக்கும் கிராங்க்குக்கும் நடுவே கூடுதல் தண்டுகளைப் பூட்டினார். உறிஞ்சும் ஸ்ட்ரோக் குட்டை. தள்ளும் ஸ்ட்ரோக் நெட்டை. நான்கும் கிராங்க்கின் ஒரே சுற்றில் முடிந்தன! 1887-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அந்தத் தண்டுச் சிக்கல் வேகமாகச் சுழலும் கார் எஞ்சினுக்கு ஒத்துவரவில்லை. 1914-இல் அட்கின்சன் மறைந்தபோது, சாலைகளில் ஓட்டோவின் வாரிசுகளே ஓடிக்கொண்டிருந்தன.

அந்தக் காப்புரிமை கிடைத்து நூறாண்டு கடந்தது. ஜப்பானில் டொயோட்டாவின் ‘ஜி21’ திட்டம். தலைமைப் பொறியாளர் தகேஷி உச்சியமாடாவுக்கு மேலிடம் வைத்த இலக்கு: எரிபொருள் சிக்கனம் இரு மடங்காக வேண்டும்!

அவருடைய குழு அட்கின்சனின் கணக்கை எடுத்துக்கொண்டது, தண்டுகளை விட்டுவிட்டது. காற்றை உள்ளே விடும் வால்வைத் தாமதமாக மூடினால் போதும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் வால்வு திறந்திருக்கும். உறிஞ்சிய காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். அழுத்த வேண்டியது மிச்சக் காற்றை மட்டுமே. எரிந்த வாயு விரியவோ பிஸ்டனின் முழுப் பயணமும் இருக்கிறது.

ஆனால் காற்று குறைந்தால் பலமும் குறையும். 1.5 லிட்டர் எஞ்சினில் கிடைத்தது 58 குதிரைத்திறன்தான். நின்ற காரைக் கிளப்புவதில்தான் இந்த எஞ்சினுக்குச் சிரமம். மின் மோட்டாருக்கோ அதுதான் கைவந்த கலை: சுழலத் தொடங்கும் கணத்திலேயே அது முழு இழுவையையும் தரும். அட்கின்சனின் எஞ்சினுக்கு நூறாண்டு கழித்து ஒரு துணை வாய்த்தது.

1995 நவம்பர். முதல் மாதிரிக் கார் தயார். 1997 டிசம்பருக்குள் விற்பனைக்கு வந்தாக வேண்டும்.

கார் நகரவில்லை.

மறுநாளும் நகரவில்லை. அடுத்த வாரமும் நகரவில்லை. கோளாறு எஞ்சினிலா, மோட்டாரிலா, பாட்டரியிலா? அல்லது மூன்றையும் ஆட்டுவிக்கும் மென்பொருளிலா? நாட்கள் உருண்டன. சக்கரம் மட்டும் உருளவில்லை.

(தொடரும்)