அந்தோனியோவிலிருந்து அங்கோலாவுக்கு

1625 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆங்கிலேயரின் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் வீடு வீடாகத் தலைக்கணக்கு எடுத்தார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்து இறங்கினார்கள், தானியம் எவ்வளவு, துப்பாக்கி எத்தனை என்றெல்லாம் பதிந்தார்கள். எட்வர்ட் பென்னட் என்பவரின் புகையிலைத் தோட்டத்துக்கு நேரே கிடைக்கும் பதிவு மிகச் சுருக்கமானது: அந்தோனியோ, நீக்ரோ, 1621-இல் ஜேம்ஸ் கப்பலில் வந்தவர். மேரி, நீக்ரோப் பெண், 1622-இல் மார்கரெட் அண்ட் ஜான் கப்பலில் வந்தவர். 1622 மார்ச்சில் பவ்ஹாட்டன் பழங்குடி மக்கள் நடத்திய தாக்குதலில் அந்தத் தோட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். தப்பிப் பிழைத்த சிலரில் அந்தோனியோவும் ஒருவர்.

கப்பலுக்குப் பெயர் இருக்கிறது, தோட்டக்காரருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. இந்த ஆளுக்கு அந்தோனியோ என்ற ஒற்றைச் சொல்தான். அதுவும் அவர் பிறந்தபோது வைத்த பெயராக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆப்பிரிக்கக் கரையில் போர்த்துகீசியர் 1575-இல் அமைத்த லுவாண்டா துறைமுகத்தில், அடிமைகளாகப் பிடித்து வந்தவர்களைக் கப்பலேற்றும் முன் கூட்டமாக நிறுத்தித் தண்ணீர் தெளித்து ஆளுக்கொரு புனிதரின் பெயரைச் சூட்டுவது வழக்கம். அந்தப் பட்டியல்களில் அந்தோனியோ, ஜோவாவ், மரியா மாறி மாறி வரும். வர்ஜீனியா எழுத்தர் ஆங்கிலேயர். ஆனாலும் கடைசியில் இருந்த ‘ஓ’வை வெட்டாமல் விட்டார். அந்த ஒரே எழுத்துதான் இவர் போர்த்துகீசியர் கை வழியாக வந்தவர் என்று எண்ண வைக்கிறது.

பெயர் நமக்கும் அந்நியமில்லை. இதே போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது கொண்டுவந்த பெயர்தான் இன்றைய அந்தோணி, அந்தோணியம்மாள், கச்சத்தீவு அந்தோணியார் எல்லாம். இதற்கு அடியில் இருப்பது அந்தோனியஸ் என்ற பழைய ரோமக் குலப்பெயர். அதன் மூலப்பொருள் லத்தீன் அறிஞர்களுக்கே பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் இந்தப் பெயரின் நடுவே பின்னாளில் ஓர் ‘எச்’ வந்து உட்கார்ந்தது. கிரேக்கத்தில் பூவைக் குறிக்கும் ‘ஆந்தோஸ்’ என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்று படித்தவர்கள் தவறாக எண்ணியதன் விளைவு அது. நம் அந்தோணிக்கு அந்தப் பண்டித நோய் தொற்றவில்லை. இந்தப் பெயர் கிழக்கிலிருந்தும் வர்ஜீனியா போனது: 1635-இல் ஜார்ஜ் மெனிஃபீ என்ற வர்ஜீனியாத் தோட்டக்காரர் நிலம் கேட்டுக் கொடுத்த ஆள்பட்டியலில், அந்தோணியின் சுருக்கமாக, ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒருவர் வருகிறார். ஆப்பிரிக்கக் கரையிலும் இந்தியக் கரையிலும் ஒரே பெயரைச் சூட்டி அனுப்பிய பேரரசு போர்த்துகீசியருடையது.

அடுத்து அதே நபரை வேறொரு பெயரில் சந்திக்கிறோம். 1651 ஜூலையில் செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில், நார்தாம்ப்டன் மாவட்டத்தில் அந்தோணி ஜான்சன் என்பவருக்கு 250 ஏக்கர் பட்டா கிடைக்கிறது. குடியேற்றத்துக்கு ஆள் கொண்டுவந்து சேர்ப்பவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்பது அன்றைய விதி. இவர் ஐந்து தலைகளைக் கணக்குக் காட்டியிருந்தார். அடுத்த ஆண்டு மகன் ஜானுக்கு 550 ஏக்கர், 1654-இல் இன்னொரு மகன் ரிச்சர்டுக்கு 100 ஏக்கர். தோட்டக்காரர் என்றதும் மலைத்தோட்டத்துத் துரையை நினைக்க வேண்டாம். அன்றைய வர்ஜீனியாவில் புகையிலை நட்டவர் எல்லாருமே ‘பிளான்டர்’தான், ஐம்பது ஏக்கர்க்காரருக்கும் அதே சொல். கவனிக்க வேண்டியது வேறு: அந்தோணியின் பட்டாவில் ‘நீக்ரோ’ என்ற ஒட்டு இல்லை. முப்பது ஆண்டில் ‘ஓ’ போய்க் குடும்பப் பெயர் வந்துவிட்டது.

ஜான்சன் என்றால் ஜானின் மகன். எபிரேயத்து யோகனான் கிரேக்கம், லத்தீன் வழியே ஆங்கிலத்தில் ஜான் ஆனார். தமிழ்க் கத்தோலிக்கர் அதன் பொருளையே எடுத்து அருளப்பர் என்றார்கள். அந்தோணியின் தகப்பனார் பெயர் ஜான் என்று நம்ப இடமில்லை. இவருக்கு அது நிலமும் வழக்கும் உள்ள ஆள் என்று காட்ட உதவிய ஆங்கிலப் பெயர், அவ்வளவுதான். ஆனால் அவர் தம் மகனுக்கு ஜான் என்று பெயர் வைத்தார். அந்த மகன் தம் பிள்ளைக்கும் ஜான் என்றே வைத்தார். மூன்றாம் தலைமுறையில்தான் குடும்பத்தில் ஒரு ஜான்சன் உண்மையாகவே ஜானின் மகனாகப் பிறந்தார்.

பென்னட் தோட்டத்து அந்தோனியோதான் இந்த ஜான்சன் என்று ஒரு வரியும் நேராகச் சொல்லவில்லை. முடிச்சைப் போட உதவுவது ஒரு தீ விபத்து. 1653-இல் ஜான்சன் வீட்டில் தீப்பிடித்துப் பெருஞ்சேதம் ஆனதும், மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆயுள் முழுக்க வரிவிலக்கு அளித்தது மாவட்ட நீதிமன்றம். காரணம் சொல்லும்போது, இந்தத் தம்பதி முப்பது ஆண்டுக்கு மேலாக வர்ஜீனியாவில் வாழ்பவர்கள், உழைப்பாளிகள் என்று குறிப்பிட்டது. முப்பதுக்குச் சற்று மேலாகக் கழித்தால் 1621, 1622 வாக்கில் போய் நிற்கும். மனைவி பெயரும் மேரி. அந்தத் தொடக்க ஆண்டுகளில் வர்ஜீனியாவில் இருந்த ஆப்பிரிக்கர்களோ மிகச் சிலர். எனக்கு இந்த ஆதாரம் போதும்.

இந்தப் பதிவுகள் எஞ்சியதே இடத்தின் நற்பேறு. வர்ஜீனியாவின் பல மாவட்டங்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்காகத் தம் ஆவணங்களை ரிச்மண்ட் நகருக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது அவையும் சாம்பலாயின. நார்தாம்ப்டனின் நீதிமன்றப் பதிவுகளோ 1632 முதல் அறுபடாமல் இருக்கின்றன. 1980-இல் பிரீன், இன்னஸ் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் இந்தக் கிழக்குக் கரையின் சுதந்திரக் கறுப்பினத்தவரைப் பற்றித் தனி நூலே எழுத முடிந்தது அதனால்தான்.

அதே பதிவுகளில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தாத பக்கமும் உண்டு. ஜான் கேஸர் என்ற கறுப்பினப் பணியாளர், ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தத்துக்குத்தான் வந்தேன், காலம் முடிந்தும் ஏழாண்டு கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஜான்சன்மேல் முறையிட்டார். பக்கத்து நிலக்காரர் ராபர்ட் பார்க்கர் கேஸரைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். வீட்டார் வற்புறுத்தியதால் முதலில் இணங்கிய ஜான்சன், பிறகு வழக்குத் தொடுத்தார். 1655 மார்ச்சில் நீதிமன்றம் கேஸரைத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. அமெரிக்காவின் முதல் அடிமை உடைமையாளரே ஒரு கறுப்பினத்தவர்தான் என்று இதை வைத்து ஒரு பேச்சு பரப்பப்படுகிறது. 1640-இலேயே ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கர், ஓடிப்போன குற்றத்துக்காக வாழ்நாள் முழுதும் ஊழியம் செய்யத் தண்டிக்கப்பட்டிருந்தார். கூடவே ஓடிய இரண்டு வெள்ளையருக்கு ஊழியக் காலம் சில ஆண்டு மட்டுமே கூடியது. ‘முதல்’ என்ற சொல் இங்கே நிற்காது. ஆனால் அடிமையாக வந்த ஒருவர் இன்னொருவரை அடிமையாக்க நீதிமன்றப் படியேறினார் என்பது நிற்கும்.

1660-களில் குடும்பம் மேரிலாந்துக்குப் பெயர்ந்தது, கேஸரும் கூடவே. அப்போது ராண்டால் ரெவெல், ஆன் டாஃப்ட் என்ற இருவர் புதுநிலம் வாங்கக் காட்டிய தலைக்கணக்கில் அந்தோணியும் மேரியும் இருந்தார்கள். ஒருகாலத்தில் தலைகளைக் காட்டி நிலம் பெற்றவர் இப்போது இன்னொருவர் கணக்கில் ஒரு தலை. சாமர்செட் மாவட்டத்தில் 300 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த நிலத்தின் பெயர் ‘டோனியின் திராட்சைத் தோட்டம்’. பட்டாவில் அந்தோணி, மண்ணில் டோனி. பக்கத்து ஊர்க்காரர்கள் கூப்பிட்ட பெயர் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

1670-இல் அவர் இறந்தார். அவர் வர்ஜீனியாவில் மகன் ரிச்சர்டுக்கு விட்டுவந்த 50 ஏக்கர்மேல் அதே ஆண்டு நடுவர் குழு ஒன்று விசாரித்து, ஜான்சன் நீக்ரோ, ஆகவே அந்நியர், ஆகவே நிலம் அரசுக்கு என்று முடித்தது. அது ஜார்ஜ் பார்க்கர் என்பவர் கைக்குப் போனது. 1651 பட்டாவில் இல்லாத அந்த ஒட்டைச் செத்தவர் பெயரில் திரும்ப ஒட்டினார்கள். அதற்கு முன்பே, ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று வர்ஜீனியா 1667-இல் சட்டமே போட்டுவிட்டது. லுவாண்டாவில் தெளித்த தண்ணீருக்கு அதன்பின் சட்டத்தில் மதிப்பில்லை.

1677-இல் பேரன் ஜான் ஜான்சன் சாமர்செட் மாவட்டத்தில் 44 ஏக்கர் வாங்கி, ‘அங்கோலா’ என்று பெயரிட்டார். அதுவும் நெடுந்தூரம் வந்த சொல். கிம்புண்டு மொழியில் ‘ங்கோலா’ என்பது குலத்தின் அதிகாரச் சின்னமான இரும்புத் துண்டு. பிறகு அதை வைத்திருந்த ன்டோங்கோ நாட்டு அரசரின் பட்டம். போர்த்துகீசியர் அந்தப் பட்டத்தையே நாட்டின் பெயராக்கினார்கள். லுவாண்டாவில் கப்பலேறியவர்களுக்கு எந்த ஊராக இருந்தாலும் சந்தையில் அங்கோலா என்றே முத்திரை விழுந்தது. பேரன் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. தாத்தாவும் பாட்டியும் வீட்டில் பேசிய சொல் என்றே நினைக்கிறேன். குடும்பத்துக்குப் பிறர் எழுதிய பெயர்கள் நடுவே, இது அவர்களே தேர்ந்தது. இதே பெயரை லூசியானாவில் ஐசக் ஃபிராங்க்ளின் என்ற அடிமை வணிகரின் தோட்டமும் தாங்கியது. இன்று அது மாநிலத்தின் பெரிய சிறைச்சாலை.

பதினெட்டாம் நூற்றாண்டில் தடம் மெலிகிறது. டெலவேர், மேரிலாந்து வரிப்பட்டியல்களில் ஜான்சன்கள் வரிவரியாக நிற்கிறார்கள், பெரும்பாலோர் ஆங்கிலேயர் வழியினர். ஜான், ரிச்சர்ட் என்ற பெயர்களும் அவர்களுக்குள் மலிவு. அந்தோணியின் பேரப்பிள்ளைகளைப் பிரித்தெடுக்க முயல்பவர்கள் கடைசியில் தேடுவது பெயருக்குப் பக்கத்தில் எழுத்தர் எழுதிய ‘நீக்ரோ’, ‘முலாட்டோ’ (கலப்பினத்தவர்) என்ற ஒட்டைத்தான். 1670-இல் நிலத்தைப் பறித்த அதே சொல்.