பெயர் சரியாகத்தான் இருந்தது

நம் பக்கத்தில் இரண்டே வகைதான். தின்னலாம் என்றால் காளான், கூடாதென்றால் நாய்க்குடை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, அந்நாட்டார் காளானுக்குக் காளான் தனிப்பெயர் வைத்திருப்பதைப் பார்த்து வியந்திருக்கிறேன். அதில் ஒன்றின் கதை இது.

பிரான்சின் தென்மேற்கே லாந்த் என்ற பகுதி. மணல் பூமி, பெரிய பைன் காடு. இலையுதிர் காலத்தில் மணலைத் தள்ளிக்கொண்டு ஒரு மஞ்சள் காளான் முளைக்கும். ஊரார் வழக்கில் அதற்கு 'பிதாவ்' என்று பெயர். 1753இல் லின்னேயஸ் இட்ட பெயருக்குக் குதிரை வீரனுக்குரியது என்று பொருள்.

அடையாளம் தெளிவானது. குடை மஞ்சள், நடுவில் பழுப்பு. குடைக்கு அடியில் உள்ள மடல்களும் மஞ்சள். ஆளைக் கொல்லும் அமனிதா ஃபலாய்ட்ஸ் காளானுக்கோ மடல் வெள்ளை, காம்பில் வளையம், அடியில் பை போன்ற உறை. சந்தேகம் வந்தால் கூடையை மருந்துக்கடைக்காரரிடம் காட்டிக் கேட்பது அங்கே வழக்கம். பிதாவ் நல்ல காளான் என்றே புத்தகங்களும் சொல்லின. சந்தையிலும் விற்றது.

1992க்கும் 2000க்கும் இடையே தென்மேற்கு பிரான்சில் 12 பேர் இதைத் தின்று நோயில் விழுந்தார்கள். எல்லோரும் தொடர்ந்து மூன்று வேளையாவது தின்றவர்கள். ஓரிரு நாள் கழித்துத் தசை வலி, தளர்ச்சி, சிறுநீர் கறுத்தது. தசைகளே சிதைந்துபோயிருந்தன. மூவர் இறந்தார்கள். பொர்தோ மருத்துவர்கள் இதை 2001இல் வெளியிட்டார்கள். யாரும் காளானை மாற்றிப் பறிக்கவில்லை. பிதாவையேதான் தின்றார்கள். 2005இல் பிரான்ஸ் அதன் விற்பனையைத் தடை செய்தது.

பிறகுதான் வகைகளைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. பைன் மரத்தடியில் தடித்து வளர்வதும், ஆஸ்பென் மரத்தடியில் மெலிந்து வளர்வதும் ஒன்றா வேறா? அறிஞர்களே ஒத்துப்போகவில்லை.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பெயரைச் சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்த காலம் உண்டு. இங்கே பெயர் சரியாகத்தான் இருந்தது. எத்தனை வேளை தின்றோம் என்று பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இடி இடித்த மறுநாள் வயலில் பொறுக்கிவந்து, "சின்ன வயசிலிருந்து தின்கிறோமே" என்று பேரப்பிள்ளைகளுக்குப் பரிமாறுபவர்கள் நம்மிலும் உண்டு. லாந்த் மக்களும் அப்படித்தான் நம்பித் தின்றார்கள்.