மதிலுக்குள் யார் போய்ப் பார்ப்பது?



நெல்லைச் சீமையின் தலித் போராட்ட வரலாற்றைச் சிறையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் காவல்துறை நடத்திய தாக்குதலில் 17 உயிர்களை இழந்தோம். அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தவர்கள் கேட்டது கூலி உயர்வை மட்டுமல்ல; சிறையில் அடைக்கப்பட்டிருந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடுதலை செய் என்பதும் அவர்களின் முழக்கம். சிறைப்பட்டவரை வெளியே கொண்டுவருவது பற்றி நம் மேடைகள் நிறையப் பேசியிருக்கின்றன. உள்ளே இருக்கும் நாள்களில் அவர் எப்படி நடத்தப்படுகிறார் என்று போய்ப் பார்க்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? இந்த உரை அதைப் பற்றியது.

அந்த உரிமை புதியதல்ல. 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமே, சிறைக்குப் பார்வையாளர்களை நியமிக்க விதிகள் வகுக்கலாம் என்றது. வெள்ளைக்கார அரசு தன் அதிகாரிகளையும் தனக்கு வேண்டிய ஊர்ப் பெரிய மனிதர்களையும்தான் அனுப்பும் என்பது சொல்லாமலே விளங்கும். சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமையை அசைத்தது ஒரு கடிதம். திகார் சிறையில் சக கைதி ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டதைச் சுனில் பத்ரா என்ற சிறைவாசி உச்சநீதிமன்றத்துக்கு எழுதினார். அதையே மனுவாக ஏற்ற நீதிமன்றம், 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், மாவட்ட நீதிபதிகளும் ஆட்சியர்களும் சிறைக்குள் சென்று கைதிகளிடம் நேரில் குறை கேட்க வேண்டும் என்றது. சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்கவும் உத்தரவிட்டது.

சட்டம் இப்படியிருக்க, நம் பக்கத்துப் பாளையங்கோட்டை மத்திய சிறையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதிகளில் அடைக்கிறார்கள் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. அரசு அதை மறுக்கவில்லை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் வழக்கமானது, அதைத் தவிர்க்கவே பிரிக்கிறோம் என்றது. 2014இல் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

கவனியுங்கள்: இது ஒளித்து மறைத்துச் செய்த காரியமல்ல. அதிகாரிகள் சென்றுவரும் சிறையில், அவர்கள் கண்ணெதிரே நடந்தது. சேரியும் ஊரும் தனித்தனியாக இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சிறையின் சாதித் தொகுதியும் நிர்வாக ஏற்பாடாகவே தெரியும்.

பிரித்து வைப்பது பாதுகாப்புக்குத்தானே என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. மோதலில் அடிபட்டுச் சாகிறவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். ஆனால் 2021 ஏப்ரல் 22 அன்று அதே பாளையங்கோட்டைச் சிறைக்குள், கொண்டுவரப்பட்ட அன்றே, நம் சமூகத்து இளைஞர் ஒருவர் சக கைதிகளால் கொல்லப்பட்டார். நீதி கேட்டு அவர் குடும்பம் இரண்டு மாதங்களுக்கு மேல் உடலை வாங்க மறுத்தது. சாதிவாரிப் பிரிவினை உயிரைக் காக்கும் என்றால், அந்த உயிர் ஏன் போனது? காவலர் கண்காணிப்பு செய்ய வேண்டிய வேலையைச் சுவர் செய்யாது.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது. பாளையங்கோட்டை வழக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அரசின் வாதம் அமெரிக்காவில் கறுப்பின மக்களை ஒதுக்கிவைக்கச் சொல்லப்பட்ட 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற வாதத்தைப் போன்றது என்றது. சாதியைப் புகுத்தாமல் ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் பொறுப்பு என்றது. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கலத்தை நீக்கச் சொன்னது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் பார்வையாளர் குழுவும் சேர்ந்து, சாதிப் பாகுபாடு தொடர்கிறதா என்று தவறாமல் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

சிறுவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டில் உள்ள அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அடித்துக் கொன்றதாக அந்த இல்லத்தின் ஊழியர்கள் கைது செய்யப்பட்டனர். அதன் பிறகே நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. 2023 நவம்பரில் அறிக்கை தந்தது. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 54ஆவது பிரிவு முன்பே இருந்தது. மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எல்லா இல்லங்களுக்கும் செல்ல வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும் என்கிறது அது. மாதம் ஒருமுறை இளைஞர் நீதிக் குழுமமும் போய்ப் பார்க்க வேண்டும். சட்டம் இத்தனை கண்களை வைத்திருந்தும் ஒரு பிள்ளை செத்தது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு, பார்வையாளர் குழுவில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் சமூகப் பணியாளர் இருவருக்கும் இடம் தருகிறது. நம் மாவட்டத்தவர் அடைக்கப்படும் சிறைகளுக்கு அந்த இருவர் யார்? கடைசியாக எந்தத் தேதியில் போனார்கள்? என்ன எழுதிவைத்தார்கள்? சிறுவர் இல்லங்களுக்கும் இதே கேள்விகள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். இடம் காலியாக இருந்தால், நம் தெருவிலிருந்து ஒரு பெண்ணின் பெயரை எழுதி ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். அவர் உள்ளே போனால், எந்தத் தொகுதியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.