மலைநாட்டிற் செல்லிடத் தொலைபேசி: போட்டியும் இணைவும்

ஒரு துறையிற் பல நிறுவனங்கள் போட்டியிடின் விலை குறையும், சேவை பரவும் என்பது பொருளியலார் துணிபு. இலங்கையின் செல்லிடத் தொலைபேசி வரலாறு இத்துணிபின் முதற்பாதியை மெய்ப்பித்தது. பிற்பாதி மலைநாட்டில் எத்துணை மெய்யாயிற்று என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென்னாசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவையைச் செல்ரெல் நிறுவனம் 1989இல் இலங்கையில் ஆரம்பித்தது. ஹட்ச்சின் முன்னோடியான கோல் லிங்க், மொபிற்றல், டயலொக் ஆகியன தொண்ணூறுகளிற் களம்புகுந்தன. 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உருவாயிற்று. 2009இல் இந்தியாவின் எயார்டெல் ஐந்தாவதாக வந்து சேரக் கட்டணப்போர் உச்சமடைந்தது. அதன் விளைவாக, 2010இல் ஆணைக்குழுவே ஆகக்குறைந்த கட்டணத்தை விதிக்க நேர்ந்தது. விலை ஏறாது காக்கவேண்டிய அமைப்பு, விலை இறங்காது காக்க முற்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

மெலிந்த வருவாயுடன் ஒவ்வொரு தலைமுறைத் தொழில்நுட்பத்துக்கும் புதிய அலைக்கற்றையும் கருவிகளும் வாங்குதல் சிறிய நிறுவனங்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று. 2013இல் நான்காந் தலைமுறைச் சேவை தொடங்கியபின் அச்சுமை மேலும் கூடியது. செல்ரெல்லின் வழிவந்த எற்றிசலாற் 2018 நவம்பரில் ஹட்ச்சுடன் இணைந்தது. 2022இல் ரூபாய் வீழ்ச்சியுற, இறக்குமதிக் கருவிகளின் விலை பெரிதும் உயர்ந்தது. 2024 யூனில் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தது. அதன் தாய் நிறுவனம் டயலொக்கில் 10.355 சதவீதப் பங்கைப் பெற்றது. ஐந்து மூன்றாயிற்று.

இனிக் கண்டியை நோக்குவோம். நகர வீதிகளில் எல்லா நிறுவனங்களின் விளம்பரப் பலகைகளையும் காணலாம். ஹந்தானை மலைமுடியில் அலைபரப்புக் கோபுரங்கள் ஓங்கி நிற்கின்றன. ஆயின் தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, ரங்கலை முதலிய பகுதிகளின் தோட்டங்கள் மலைமடிப்புகளில் அமைந்தவை. இடையே ஒரு மேடு குறுக்கிடின் அலை நலிந்துவிடும். அங்கே கோபுரம் எழுப்பச் செலவு மிகும், வருவாயோ குறையும். எனவே போட்டி நகரை நாடிற்று.

2020இற் கொள்ளைநோயால் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. லேர்ன் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கட்டணமின்றிக் கேட்க நிறுவனங்கள் வசதியளித்தன. விலை சுழியமாயிற்று, எனினும் அலை எட்டாத லயத்துப் பிள்ளைக்கு அதனால் விளைந்த பயன் யாது? மறுவருடம் ஊவாவில், பிபிலைக்கு அண்மையிலுள்ள போகிட்டியாவ மாணவர்கள் பாடங்கேட்க மலையேறிய செய்தி உலகெங்கும் பரவிற்று. மலிவு வேறு, எட்டுகை வேறு.

ஐந்தாந் தலைமுறைக்கு உரிய 3500 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகள் குறைந்த தூரமே செல்வன. ஆதலின் கோபுரங்கள் இன்னும் நெருங்கி நிற்றல் வேண்டும். இணைவதால் ஒரே மலையில் இரட்டைச் செலவு தவிரும் என்பது ஏற்கத்தக்க வாதமே. ஆயின் அவ்வாறு மிஞ்சும் பணம் கோபுரமில்லாப் பள்ளத்தாக்கை அடையுமென்பதற்கு உறுதி வேண்டும். இணைவுக்கும் அலைக்கற்றைக்கும் அனுமதி வழங்கும் ஆணைக்குழு, தோட்டப்புறங்களை எட்டுதலையும் கோபுரங்களைப் பகிர்தலையும் காலவரையறையுடன் நிபந்தனையாக்குதல் வேண்டும். சந்தையில் எத்தனை கம்பனிகள் உள என்பதைக் காட்டிலும், கடைசி லயத்தில் எத்தனை அலைகள் கிட்டுகின்றன என்பதே மலைநாட்டுக்குரிய அளவுகோலாகும்.