கோலா பிலாத் தோட்டப்புற இசை: நிலைத்ததும் மறைந்ததும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலக் கோலா பிலா வட்டாரத் தோட்டங்களில் தமிழர் பாடிய பாட்டும் கொட்டிய மேளமும் திரையிசைக்கும் கச்சேரி மேடைக்கும் வெளியே வாழ்ந்தவை. ஜெம்போல் 1980இல் தனி மாவட்டமாகும்வரை பகாவ் பக்கத்துத் தோட்டங்களும் கோலா பிலாவைச் சேர்ந்தே இருந்தன. மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள் திரட்டல் 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை நீடித்தது. அதன்பின் ஊரிலிருந்து ஆள்வரத்து பெரிதும் குறைந்தது. இருப்பதைக் கொண்டே இந்த இசை தொடர வேண்டியதாயிற்று.

இது இன்றும் ஈர்ப்பதற்கு ஊர் ஏக்கத்தையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது போதிய விளக்கம் அன்று. ஏக்கமே காரணமானால் எல்லா வகைப் பாட்டும் ஒருசேர நிலைத்திருக்க வேண்டும், அப்படி நிலைக்கவில்லை. எந்த இசைக்கு வாழ்க்கையில் இன்னும் வேலை இருக்கிறதோ அதுவே நின்றது.

தொழிற்பாட்டு முதலில் தளர்ந்தது. ஊர் வயலில் நாற்று நடும் பெண்கள் அணியாக நின்று ஒரே அசைவில் வேலை செய்வார்கள்; அங்கே பாட்டு கையோடு கூடியது. ரப்பர் பால்வெட்டோ விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக் கலைந்ததும் ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்து செய்யும் வேலை. ஆகவே பாட்டு ரப்பர் காட்டைவிட, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான் செழித்தது. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றோடு தோட்ட எழுத்தரான கிராணியையும் மேற்பார்வையாளரான தண்டலையும் குத்திக்காட்டும் பாட்டுகளும், ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய புலம்பல்களும் அங்கே பிறந்தன. இவற்றைப் பெரும்பாலும் பெண்களே காத்தனர். ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டு, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குச் சிதறியபோது, ஒப்பாரிக்குக் கூடும் அக்கம்பக்கம் இல்லாமற்போனது. இழப்பின் பெரும்பகுதி இங்கேதான் நேர்ந்தது.

உருமி மேளத்தின் கதை வேறு. உருமி நடு இடுங்கிய இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, உறுமல் எழும்; மறுமுகம் அடிக்கப்படும். சாமியை அழைக்கவும், அருள் வந்தவரை நிலைக்குக் கொண்டுவரவும், காவடியை நடத்தவும் அதன் தாளம் தேவை. தோட்டத்தை விட்டவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரைவீரனையும் உடன் கொண்டுபோனார்கள்; கோயில் போன இடத்துக்கெல்லாம் உருமியும் போனது. நகரப் பையன்கள் குழு அமைத்தார்கள், சீருடை தைத்தார்கள், திரைமெட்டுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். தூய்மை கெட்டதென்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. ஆனால் தமிழகத்தில் சாதி இழிவு சுமத்தப்பட்ட தோற்கருவி மரபு ஒன்றை இங்கே இளைஞர் பெருமையோடு தோளில் மாட்டுகிறார்கள் என்பது சிறிய மாற்றம் அன்று. கட்டுப்பாடும் அதை அழிக்கவில்லை. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வல இசைமீது 1970களில் வந்த தடை 2016இல் ஓரளவு தளர்ந்தபோது, அந்த இசைக்கு வாசிப்பவரும் கேட்பவரும் காத்திருந்தனர்.

இதே மாநிலத்தின் மினாங்கபாவ் மரபினரது சக்லெம்போங் என்னும் சிறு கண்டை இசை மாநில அடையாளமாகப் போற்றப்படுகிறது. அரசு விழாக்களில் அதற்கு மேடை உண்டு. தோட்டத்து இசைக்கு அந்த ஆதரவு வாய்க்கவில்லை. அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய ஃபோக்வேஸ் போன்ற இசைத்தட்டு நிறுவனங்கள் தொழிலாளர் பாடல்களைக் குரலோடு பதிந்து வைத்தன. மலேசியாவில் தோட்டப் பாடல்களைத் திரட்டி அச்சிட்டவர்களின் உழைப்பு பெரிது. எனினும் அச்சில் சொல் மட்டுமே தங்கும், மெட்டும் இழுவையும் விம்மலும் தங்கா. உருமியைக் கோயில் காக்கும். லயத்துப் பெண்களின் பாட்டைக் காக்க அப்படி எதுவும் இல்லை. கோலா பிலாவிலும் ஜெம்போலிலும் அவற்றை நினைவில் வைத்திருக்கும் மூதாட்டிகளின் குரலைப் பதிவுசெய்வதை ஆய்வாளர்களும் தமிழ்ப்பள்ளிகளும் உடனே தொடங்க வேண்டும்.