மண்புழு உழவனின் நண்பன்... சரி, காட்டுக்கு?

"உழவனின் நண்பன் யார்?" என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் "மண்புழு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வோம். ஒரு மார்க் கேள்வி, தப்பாத விடை. அந்த ஒரு மார்க்கைப் பிடுங்க நான் வரலீங்க :-) விடை சரிதான். ஆனா கேள்வியில் "உழவனின்" என்று ஒரு சொல் இருக்கு பாருங்க, மேட்டரே அதுலதான் இருக்கு. வட அமெரிக்கக் காடுகளுக்கு மண்புழு போய்ச் சேர்ந்த கதையைப் படித்தால் அது புரியும்.

கதை பனியில் தொடங்குது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் கனடா கிட்டத்தட்ட முழுசாகவும், இன்றைய மின்னசோட்டா, மிச்சிகன், நியூயார்க் மாநிலங்களின் பெரும்பகுதியும் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தன. மெல்லிசுப் பனி இல்லை, கிலோமீட்டர் கணக்கில் கனம். அது நகர்ந்த வழியில் மேல் மண்ணையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு போனது. அங்கே மண்புழு இருந்திருந்தாலும் பிழைத்திருக்க வழியில்லை.

பனி பின்வாங்கிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆச்சு. தெற்கே, பனி படாத பகுதிகளில், அந்த ஊருக்கே உரிய மண்புழுக்கள் இருக்கத்தான் செய்தன. அவை ஏன் வடக்கே வரலை? வந்துகிட்டேதான் இருக்கு, ஆனா மண்புழு வேகத்தில்! ஒரு மண்புழுக் கூட்டம் தானாகப் பரவுவது ஆண்டுக்கு 5 முதல் 10 மீட்டர்தான். கணக்குப் போட்டால் 10,000 ஆண்டில் 50 முதல் 100 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பினால் இன்னும் திண்டிவனம் வந்து சேர்ந்திருக்காது.

ஆக, அந்த வடக்குக் காடுகள் மண்புழுவே இல்லாமல் வளர்ந்து பழகிவிட்டன. மேப்பிள், பாஸ்வுட் மரங்கள் இலையுதிர் காலத்தில் கொட்டும் சருகைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பூச்சிகளும் நிதானமாக மக்க வைக்கும். ஒரு வருஷத்துச் சருகு மக்கி முடிவதற்குள் அடுத்த வருஷத்துச் சருகு மேலே விழும். இப்படியே சேர்ந்து சேர்ந்து சில இடங்களில் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மெத்தை மாதிரி ஒரு அடுக்கு. விதை முளைப்பது, பெரணி வளர்வது, மரக்கன்று வேர் விடுவது எல்லாம் அந்த மெத்தைக்குள்தான். சத்துகளும் அதில்தான் இருப்பு. ரேஷன் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், செடிகள் வாங்கிக்கொள்ளும்.

17ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பியர்கள் வந்து குடியேறினார்கள். கூடவே புழுக்களும் வந்தன. யாரும் வேண்டுமென்று கொண்டு வந்ததில்லை. பழமரக் கன்றுகளின் வேர்மண்ணில் வந்தது, கப்பல் ஆடாமல் இருக்க அடியில் கொட்டிக்கொண்டு வந்த கல்லிலும் மண்ணிலும் வந்தது. கரையில் அந்த மண்ணைக் கொட்டிவிட்டுச் சரக்கை ஏற்றிக்கொண்டு போனார்கள். குதிரைக் குளம்பும் வண்டிச் சக்கரமும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன. பிறகு தூண்டில்காரர்கள். ஏரியில் மீன் பிடித்துவிட்டு டப்பாவில் மிஞ்சிய புழுவைக் கரையோரக் காட்டில் கொட்டிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். உயிரைக் கொல்லாமல் விட்ட புண்ணியம்!

இதற்கு நடுவே 1881இல் இங்கிலாந்தில் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் நம்ம சார்லஸ் டார்வின். பரிணாமம் பற்றி இல்லை, மண்புழு பற்றி. 1837லேயே இதைப் பற்றிப் புவியியல் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தவர், நாற்பது வருஷத்துக்கு மேல் விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க மகனைப் பஸூன் ஊதச் சொன்னார், பியானோ வாசித்தும் பார்த்தார். புழுக்கள் கண்டுகொள்ளவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்தபோது மட்டும் அதிர்வு பட்டு வளைக்குள் ஓடின. இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடம்பு வழியாக மேலே வருது என்று கணக்கும் சொன்னார். மண்புழுவின் புகழ் அதிலிருந்து ஏறியது ஏறியதுதான்.

டார்வின் சொன்னது தப்பில்லை. அவர் பார்த்தது புழுவுக்குப் பிறந்த ஊர். கலப்பையும் மாடும் பல நூறு ஆண்டுகளாகப் புரட்டிப் போட்ட வயலும் புல்வெளியும். அதே புழுவின் அதே வேலை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் என்ன செய்யும் என்பது அவர் கையில் இருந்த கேள்வியே இல்லை.

அந்தக் கேள்வியை மண் ஆய்வாளர்கள் ரொம்பத் தாமதமாகத்தான் கேட்டார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில், கலைக்கப்படாத காட்டு மண்ணில் புழு புகுந்ததும் அடுக்கடுக்காக இருந்த மண் ஒன்றோடொன்று கலந்துபோனதை லாங்மெய்ட் என்பவர் 1964இல் எழுதினார். அப்போது பெரிசாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. 1990களில் மின்னசோட்டாவின் சிப்பெவா தேசியக் காட்டில் 'காப்ளின் ஃபெர்ன்' என்ற அபூர்வமான குட்டிப் பெரணி காணாமல் போக ஆரம்பித்தது. அது வாழ்வதே அந்தச் சருகு மெத்தைக்குள்தான். மெத்தை எங்கே போச்சு என்று தேடினால் ஐரோப்பிய மண்புழு! மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சிண்டி ஹேலும் லீ ஃப்ரெலிக்கும் சகாக்களும் புழுப்படை முன்னேறும் எல்லைக்கோட்டையே குறித்து வைத்துப் பின்தொடர்ந்தார்கள். கோட்டுக்கு ஒரு பக்கம் செடி மூடிய பச்சைத் தரை. இன்னொரு பக்கம் மொட்டைக் கறுப்பு மண்.

சரி, மண்ணுக்குள் என்னதான் நடக்குது?

முதலில் கரிமம். சருகில் பூட்டி வைத்திருந்த கரிமத்தில் ஒரு பகுதி, புழுவும் நுண்ணுயிரும் வேகவேகமாகத் தின்பதால் கரியமில வாயுவாகக் காற்றோடு போகுது. மீதி கீழே மண்ணோடு கலக்குது. நியூயார்க் மாநிலத்தில் போலன், கிராஃப்மன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், புழு புகுந்த காட்டில் சருகு அடுக்கே இல்லாமல் போய், மேல் மண்ணின் கரிம இருப்பு குறைந்திருந்தது.

அடுத்து தழைச்சத்து. ரேஷனாக வந்துகொண்டிருந்தது இப்போ மொத்தமாகக் கைக்கு வருது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா செடி எடுத்துக்கொள்ள முடிகிற நேரத்தில்தான் வரும் என்று ஒன்றும் இல்லையே? நைட்ரேட் தண்ணீரில் சுலபமாகக் கரையும். வேர் வாங்காததை மழையும் பனி உருகிய நீரும் கீழே இழுத்துக்கொண்டு போகலாம். போனஸ் வந்த மாசம் கையில் காசு புரளும், ஆனா சேமிப்புக் கணக்கை மூடிட்டு எடுத்த காசு அது.

மணிச்சத்து கதை கொஞ்சம் சிக்கல். புழு தின்று கழித்ததில் முதலில் எளிதில் கிடைக்கிற மாதிரி இருக்கும். ஆனால் கீழ்மண்ணில் இருக்கும் இரும்பு, அலுமினியக் கனிமங்களோடு கலந்ததும் அவை பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு பூட்டப்படும், எவ்வளவு வடிந்து போகும் என்பது எந்த இனப் புழு என்பதைப் பொறுத்து மாறுது.

கடைசியாகச் சுண்ணாம்புச் சத்து. மண்புழுவின் உடம்பில் சுண்ணாம்பைச் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. டார்வினே அவற்றைப் பற்றி எழுதியிருக்கார். போலந்தில் 14 வகை மரங்களைப் பக்கம் பக்கமாக நட்டுச் செய்த ஆய்வு 2005இல் வந்தது. சருகில் சுண்ணாம்பு அதிகமுள்ள மரங்களின் அடியில் புழுக்கள் பெருகியிருந்தன, மண்ணின் புளிப்பும் குறைவு. வயலுக்கு இது வரம். புளிப்பு மண்ணுக்குப் பழகிய காட்டுச் செடிகளுக்கு வீடே மாறிப்போன கதை. கூடவே மேப்பிள் வேரோடு கூட்டு வைத்திருக்கும் பூஞ்சை இழைகளையும் புழு குலைத்துவிடுது. மண்ணில் சத்து இருந்தாலும் அதை எட்டி எடுத்துத் தரும் கை இல்லை.

இது முடிந்த கதையும் இல்லை. ஆசியாவிலிருந்து வந்த 'துள்ளும் புழு' 2013இல் விஸ்கான்சினில் உறுதி செய்யப்பட்டது. தொட்டால் பாம்பு மாதிரி நெளியும். மேல் மண்ணைக் காப்பித்தூள் சக்கை மாதிரி ஆக்கிவிடும். துணை இல்லாமலே முட்டையிடும். 2024இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, வட அமெரிக்காவின் 308 மண்புழு இனங்களில் 70 வெளியிலிருந்து வந்தவை என்று சொல்லுது. ஒருதரம் காட்டுக்குள் போன புழுவைத் திரும்பப் பொறுக்கி எடுக்க யாருக்கும் வழி தெரியலை.

நம்ம பக்கமும் இப்படி ஒருத்தர் உண்டு. தென்னமெரிக்காவின் பொன்டோஸ்கோலெக்ஸ், மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் எப்பவோ குடியேறிவிட்டது. பிரேசிலில் காட்டை அழித்துப் போட்ட மேய்ச்சல் நிலங்களில் இதே புழு மண்ணை இறுக்கித் தண்ணீர் இறங்காமல் செய்ததாக 1999இல் எழுதினார்கள். ஆனால் 1990களில் தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், களைத்துப்போன மண்ணைத் தேற்ற வரிசைகளுக்கு நடுவே குழி வெட்டி மக்கோடு விட்ட புழுக்களில் இதுவும் ஒன்று. விளைச்சல் கூடியது.

ஒரே புழுதான். அங்கே வில்லன், இங்கே ஹீரோ. அது எங்கேயும் புதுசாக எதுவும் செய்யவில்லை. தின்னுது, கலக்குது, கழிக்குது, அவ்வளவுதான். கலக்கினால் பிழைக்கிற மண்ணா, கலக்காமல் விட்டால் பிழைக்கிற மண்ணா என்பதுதான் கேள்வி.

வீட்டில் மண்புழு உரம் போடுற மக்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க காசு கொடுத்து வாங்குற புழு பெரும்பாலும் ஆப்பிரிக்காவோ ஐரோப்பாவோ பூர்வீகம். தொட்டியில் இருக்கட்டும், தோட்டத்தில் இருக்கட்டும். மலை ஏறும்போது, "பாவம், காட்டுக்கும் நாலு விட்டுட்டு வருவோம்"னு மட்டும் கிளம்பிடாதீங்க. பத்தாயிரம் வருஷம் பொறுத்த காடு அந்த நாலு புழுவைத் தாங்காமல் போகலாம்.